இலக்கிய இதழ்களில் எழுதத் தொடங்குவது எப்படி: அனுப்புவதிலிருந்து முதல் தொகுப்பு வரை

கதையையோ கவிதையையோ எழுதி முடித்த பிறகுதான் அதை எந்த இதழுக்கு அனுப்பலாம் என்று பெரும்பாலானோர் யோசிக்கத் தொடங்குகிறார்கள். ஓர் இதழைக் குறைந்தது ஓராண்டாவது தொடர்ந்து வாசித்தவர்களுக்கு அந்தக் குழப்பமே வருவதில்லை. அதன் ஆசிரியர் எவ்வகை மொழியை விரும்புகிறார், எத்தனை பக்கக் கதையை ஏற்கிறார், புதியவர்களுக்கு எவ்வளவு இடம் தருகிறார் என்பதெல்லாம் அவர்களுக்கு முன்பே பழகிப்போயிருக்கும். ஆகவே முதல் வேலை, இரண்டு இதழ்களுக்காவது சந்தா கட்டுவது. இலக்கிய இதழ்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் தொங்குவது அரிது. சென்னையில் இருப்பவர்கள் கே.கே. நகரிலுள்ள டிஸ்கவரி புக் பேலஸ் போன்ற இலக்கியப் புத்தகக் கடைகளில் விசாரிக்கலாம்.

பழைய இதழ்களையும் பார்க்க வேண்டும். தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் எழும்பூர் கன்னிமாராவிலும் சில பிற்பகல்களைச் செலவிட்டால், நூறு கூட்டங்களில் கேட்டும் தெரியாத ஒன்று தெரியவரும். 1933இல் தொடங்கிய மணிக்கொடி, சி.சு. செல்லப்பா 1959இல் திருவல்லிக்கேணியிலிருந்து கொண்டுவந்த எழுத்து, 1970இல் வந்த கசடதபற ஆகிய மூன்று இலக்கிய இதழ்களும் இந்நகரத்தில் உருவானவை. எழுத்துவில் வெளியான கவிதைகளிலிருந்து தேர்ந்தெடுத்துச் செல்லப்பா 1962இல் புதுக்குரல்கள் தொகுப்பை வெளியிட்டார். அந்தக் கவிஞர்களில் பலர் வாசகருக்கு முதலில் அறிமுகமானது இதழின் பக்கங்களில்தான். தனித் தொகுப்புகள் பின்னால்தான் வந்தன. அந்த வரிசை இன்றைக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். பத்துக் கதைகள் பத்து ஆசிரியர்களின் கண்ணைக் கடந்து வருவதற்கும், பத்துக் கதைகளைச் சொந்தச் செலவில் அச்சடித்துக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு வாசகருக்குத் தெரியாமல் போகாது.

இன்று அச்சில் காலச்சுவடு, உயிர்மை, கணையாழி போன்றவையும், இணையத்தில் சொல்வனம், கனலி, வல்லினம் போன்றவையும் புதிய எழுத்தாளர்களுக்குத் தெரிந்த பெயர்கள். அச்சிதழுக்குப் பக்கக் கட்டுப்பாடு உண்டு என்பதால், நீளமான கதைக்கு இணைய இதழே பொருத்தமாக இருக்கும். இரண்டில் எது உயர்ந்தது என்ற பழைய சண்டையில் நேரத்தைக் கழிக்க வேண்டியதில்லை.

படைப்பை யூனிகோடில் தட்டச்சு செய்து, வேர்டு கோப்பாக இணைத்து அனுப்புங்கள். படமாகவோ, கைபேசியில் எடுத்த நோட்டுப் பக்கமாகவோ அனுப்பினால் திறந்து பார்க்கவே ஆளிருக்காது. கவிதையானால் ஐந்தாறு கவிதைகளை ஒரே கோப்பில் வைப்பது நல்லது, ஏனெனில் ஒற்றைக் கவிதையை வைத்துக்கொண்டு ஒரு கவிஞரின் குரலை மதிப்பிடுவது கடினம். உடன் செல்லும் கடிதம் நான்கு வரிக்கு மேல் போகக் கூடாது: "அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம். ஏறத்தாழ 2,200 சொற்கள் கொண்ட சிறுகதை ஒன்றை இணைத்திருக்கிறேன். இது வேறெங்கும் வெளியாகவில்லை, முகநூலிலும் பகிரப்படவில்லை, வேறு இதழின் பரிசீலனையிலும் இல்லை. என் முகவரியும் கைபேசி எண்ணும் கீழே உள்ளன." இதற்கு மேல் கதையின் கருவை விளக்குவதும், பெரியவர் ஒருவர் பாராட்டினார் என்று சொல்வதும் பயன் தராது. முகநூலைப் பற்றிய வரி முக்கியமானது. அங்கே ஏற்கெனவே நூறு பேர் படித்துவிட்ட கவிதையை வெளியிட ஆசிரியர்கள் தயங்குவது நியாயம்தான்.

அனுப்பியவற்றுக்கு ஒரு பதிவேடு வையுங்கள். தலைப்பு, இதழ், அனுப்பிய நாள், பதில், வெளியான மாதம் என ஐந்து கட்டங்கள் போதும். மூன்று மாதம் வரை மௌனமாக இருங்கள். பிறகு ஒருவரியில் நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால், படைப்பைத் திரும்பப் பெறுவதாக எழுதித் தெரிவித்துவிட்டே அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பி, இரண்டிலும் வெளியாகிவிட்டால் ஏற்படும் மனக்கசப்பு எளிதில் தீராது, ஏனெனில் இந்த வட்டம் சிறியது, ஆசிரியர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்.

படைப்பு ஏற்கப்பட்டதும், அச்சுக்குப் போகும் முன் பிழை பார்ப்பதற்கான படியை, அதாவது மெய்ப்பைக் கேட்டு வாங்குங்கள். வடிவமைப்புக்காக எழுத்துரு மாற்றும்போது கொம்பும் காலும் பிரிந்து நிற்கலாம், கவிதையின் பத்தி இடைவெளி மறைந்துபோகலாம், 'கௌ' என்பது 'கெ' என்றும் 'ள' என்றும் இரண்டு எழுத்தாக உடைந்து அமரலாம். ஒற்றுப்பிழையை ஆசிரியர் குழு திருத்தினால் நன்றி சொல்லுங்கள். வடசென்னைப் பேச்சுவழக்கில் எழுதிய உரையாடலை எழுத்து வழக்குக்கு மாற்றினால் மட்டும் மரியாதையாக மறுத்து எழுதுங்கள். கதையின் கடைசிப் பத்தியை நீக்கச் சொன்னால், உடனே மறுக்காமல் இரண்டு நாள் விட்டு, அந்தப் பத்தி இல்லாத கதையை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அந்த ஆலோசனை பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

சன்மானத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. சில இதழ்கள் ஒரு தொகை தருகின்றன. பல இதழ்கள் ஒரு பிரதி மட்டுமே அனுப்புகின்றன. கணையாழியின் கடைசிப் பக்கத்தைப் பல ஆண்டுகள் எழுதிய சுஜாதா பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளர். மாதச் சம்பளம் வேறிடத்திலிருந்து வந்ததால் கவலையின்றி எழுதியவர்கள் நம்மிடையே ஏராளம்; வேலையை விட்டுவிட்டு எழுத வருவதாகச் சொல்லும் இளைஞர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

பெயர் நிலைக்க, கதை கவிதையோடு நூல் மதிப்புரையும் மொழிபெயர்ப்பும் எழுதுங்கள். மதிப்புரைக்கு ஆள் கிடைக்காமல் தவிக்கும் இதழ்கள் உண்டு. குறித்த தேதியில் ஆயிரம் சொற்களை ஒழுங்காகத் தருபவரை ஆசிரியர் மறப்பதில்லை.

பன்னிரண்டு கதைகளோ ஐம்பது கவிதைகளோ இதழ்களில் வந்த பிறகு தொகுப்பைப் பற்றி யோசிக்கலாம். சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரி வாக்கில் நடப்பதால், அக்டோபரில் கையெழுத்துப் பிரதியை நீட்டினால் பதிப்பகத்தார் அவசரத்தில் அச்சடிப்பார்கள், பிழைகளும் அவசரமாகவே சேரும். ஜூன், ஜூலையிலேயே கொடுத்துவிடுங்கள். சாகித்திய அகாதெமி 2011 முதல் வழங்கிவரும் யுவ புரஸ்கார் விருது 35 வயதுக்கு உட்பட்டவர்களின் நூலுக்கானது என்பதால், வயது நெருங்குகிறவர்கள் அதையும் கணக்கில் கொள்ளலாம். அதற்காகப் பாதி வெந்த தொகுப்பைக் கொண்டுவர வேண்டாம்.

பதிப்பகத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றித் தருவது கையொப்பமிட்ட எழுத்து வடிவில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டுகள் என்றே கொள்ளப்படும். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமை ஆகியவை யாரிடம் இருக்கும் என்பதைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். நன்றிப் பக்கத்தில் ஒவ்வொரு படைப்பும் எந்த இதழில் எந்த மாதம் வெளிவந்தது என்பதைக் குறிப்பிட வேண்டும். அந்த விவரமெல்லாம் உங்கள் பதிவேட்டிலேயே இருக்கும்.