தடைக்காலத்துக்குக் கருவாடு போட்டு வைப்பது

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் வரும், விலைதான் கிட்ட நெருங்க விடாது. படகு கரையில் கிடப்பதால் ஆண்கள் மதியச் சோற்றுக்கு வீட்டில் இருப்பார்கள். மீன் குறையும் நேரத்தில் உலை கூடும். ஆகவே பங்குனி வெயிலிலேயே கருவாடு போட்டுவிட வேண்டும்.

ஐந்து பேர் வீட்டுக்கு ஒரு குழம்புக்கு 125 கிராம். வெள்ளி, அமாவாசை கழித்து வாரம் மூன்று முறை என்றால் மூன்றரைக் கிலோ வேண்டும். அதற்குப் பச்சை மீன் 10 கிலோ வாங்கலாம்.

சீலா, பாறை, கட்டா மீன்கள் நல்லது. செவுளும் குடலும் எடுத்து, முதுகுப் பக்கம் கீறி விரியுங்கள். நாலு பங்கு மீனுக்கு ஒரு பங்கு ராமநாதபுரம் பக்கத்து வாலிநோக்கம் கல்லுப்பு. கீறலுக்குள் விரலால் அழுத்தித் தேய்த்து, பானையில் அடுக்கிக் கல் ஏற்றி ஒரு நாள் வையுங்கள். ஊறி வரும் உப்புத் தண்ணீரிலேயே அலசி எடுங்கள்.

மணலில் போடாதீர்கள், கடிக்கும்போது நறநறக்கும், ஈயும் மொய்க்கும். கட்டிலில் பழைய வலையை இழுத்துக் கட்டிக் காற்றோட்டமாகப் பரப்புங்கள். முதல் நாள் உச்சி வெயில் ஆகாது: மேல்தோல் இறுகி, உள்ளே ஈரம் சிக்கிவிடும். அந்தக் கருவாடுதான் பத்தாம் நாள் நாறும். காலை, சாயங்கால வெயில் போதும். மறுநாளிலிருந்து முழு வெயில், நடுவே புரட்டல். பனி இறங்குமுன் உள்ளே எடுங்கள். மூன்று நாலு நாளில், தடித்த இடத்தில் பெருவிரல் அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது.

ஓலைப்பெட்டியில் வைத்து, பதினைந்து நாளுக்கொரு முறை வெயில் காட்டுங்கள். சிவப்புப் பூத்தால் கொட்டிவிடுங்கள், கழுவிச் சேர்க்க நினைக்காதீர்கள்.

சமைக்குமுன் வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து இரண்டு தடவை அலசுங்கள். முண்டு மிளகாய், புளி, கத்தரிக்காய் கொதித்துப் பச்சை வாசம் போன பிறகே கருவாடு. எட்டு நிமிடம் கொதித்தபின் ருசி பார்த்துத்தான் உப்பு. பலர் கெடுப்பது இங்கேதான். தேங்காய் அரைத்தால் மறுநாள் தாங்காது, புளிக்குழம்பாகவே விடுங்கள். காலையில் பழைய சோற்றுக்கு அதுதான் தோது. அன்றைக்கு மோர் ஊற்றுகிற வழக்கமில்லை. நீராகாரமும் சின்ன வெங்காயமும் போதும்.