ரேடியோ இரைகிறதா? அடாப்டரைப் பிடியுங்கள்

செங்கோட்டைப் பக்கம் மீடியம் வேவில் திருநெல்வேலி 1197, திருவனந்தபுரம் 1161 கிலோஹெர்ட்ஸ் வானொலி இரண்டையும் இரைச்சல் அமுக்குகிறதா? ரேடியோவை பேட்டரியில் பாடவிட்டு, வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி வீட்டுக்குள்தான். நிற்காவிட்டால் பக்கத்து வீட்டு எல்இடி பல்பாக இருக்கலாம். அதைப் பக்குவமாகத்தான் கேட்க வேண்டும். குற்றவாளி வீட்டுக்குள் என்றால், மெயினைப் போட்டு சார்ஜர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர் என ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

சிக்கிய அடாப்டரிலிருந்து கருவிக்குப் போகும் டிசி ஒயரை, அடாப்டரை ஒட்டியே, 31 ரக ஃபெரைட் (இரைச்சலைத் தடுக்கும் காந்தப் பீங்கான்) வளையத்தில் 8 முதல் 10 சுற்று சுற்றுங்கள். ஒயரை ஒரே தடவை நுழைத்து மாட்டும் ஃபெரைட் கிளிப் மீடியம் வேவுக்குப் பெரும்பாலும் வீண். இரைச்சலுக்கு வளையம் தரும் தடை, சுற்றுகளின் வர்க்கமாக ஏறும்: ஒரு சுற்றைவிட 5 சுற்றுக்குச் சுமார் 25 மடங்கு. ஒயரின் பிளஸ், மைனஸ் இரண்டு கம்பியும் சேர்ந்தே போகட்டும். ஒன்றை மட்டும் சுற்றினால் டிசி கரண்டிலேயே ஃபெரைட் காந்தச் செறிவடைந்து, இரைச்சலைத் தடுக்க முடியாமல் செயலிழந்துவிடும்.

இன்னும் இரைந்தால் ஏசி ஒயருக்கும் ஒரு வளையம். இரைச்சலை வடிகட்ட ஃபேஸ், நியூட்ரலுக்கு நடுவே சாதா கப்பாசிட்டர் வைக்கவே கூடாது, மெயின் லைனுக்கென்றே பாதுகாப்பாகச் செய்யப்பட்ட எக்ஸ்2 ரகம் மட்டுமே.