ஜன்னல் திரை தைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டிலேயே ஜன்னல் திரை தைக்கக் கற்றுக்கொள்ள வருபவர்கள், ஆள் மாறினாலும் அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். தையல் கோணுவது, பாபின் நூல் சிக்குவது போன்றவை கைப்பழக்கத்தில் சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். துணிக்குக் கொடுத்த பணத்தையே வீணாக்கும் தவறுகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

துணியை நனைக்காமல் வெட்டுவது

கரூரிலோ சென்னிமலையிலோ நல்ல பருத்தித் துணியாகப் பார்த்து வாங்கி வந்து, வந்த கையோடு கத்தரிக்கோலை எடுப்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. தறியில் பாவு நூலை, அதாவது நீளவாக்கில் ஓடும் நூலை, இழுத்துக் கட்டித்தான் துணியை நெய்கிறார்கள். கஞ்சியும் இஸ்திரியும் அந்த விறைப்பைக் கடைவரை காப்பாற்றிக் கொடுக்கின்றன. முதல் முறை தண்ணீரில் ஊறியதும் நூல் தளர்ந்துவிடுவதால், துணி அகலத்தைவிட நீளத்தில் அதிகமாகச் சுருங்குகிறது. நூற்றுக்கு 5 பங்கு சுருங்கினாலே 7 அடித் திரையில் 4 அங்குலத்துக்கு மேல் குறைந்துவிடும்.

என்னிடம் கற்றுக்கொண்ட ஒரு பெண், புதுமனை புகுவிழாவுக்காக வீடு முழுவதற்கும் பருத்தியில் திரை தைத்து, பாலியஸ்டர் லைனிங்கும் கொடுத்திருந்தார். முதல் சலவையிலேயே பருத்தி மேலேறிவிட, சுருங்காத லைனிங் சேலைக்குக் கீழே எட்டிப்பார்க்கும் உள்பாவாடை போல வெளியே தொங்கியது. கீழ் மடிப்பில் துணி மிச்சம் விடாததால் பிரித்து இறக்கவும் வழியில்லை. அவருடைய தையலில் ஒரு குறையும் சொல்ல முடியாது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே, வெட்டுவாயில் நூல் பிரியாதபடி ஒரு ஓட்டுத்தையல் போட்டு, துணியை இரவு முழுவதும் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தி, லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்ட பிறகுதான் அளவெடுக்க வேண்டும். பின்னாளில் வாஷிங் மெஷினில் துவைக்கப்போகிறீர்கள் என்றால், இந்த முதல் நனைப்பையும் மெஷினிலேயே செய்துவிடுங்கள். அடர் சிவப்பு, அடர் நீலத் துணிகளைத் தனித்தனியாக நனையுங்கள், சாயம் இறங்கக்கூடும்.

கரையோடு சேர்த்து மடிப்பது

துணியின் இரண்டு பக்க ஓரங்களிலும் நீளவாக்கில் ஓடும் கரை நெருக்கமாக நெய்யப்பட்டிருப்பதால் ஓரம் இழுத்துக்கொண்டு சுருக்கம் விழும். வெட்டி நீக்கிவிடுங்கள்.

ஜன்னல் அகலத்துக்கே துணி எடுப்பது

கம்பியின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு எடுங்கள்.

ஐலெட் வளையங்களை ஒற்றைப்படையில் அடிப்பது

கம்பியில் கோப்பதற்காகத் திரையின் மேல் ஓரத்தில் துளை போட்டு அடிக்கும் இந்த வளையங்கள், ஒவ்வொரு திரையிலும் இரட்டைப்படையில் இருந்தால்தான் இரண்டு ஓரங்களும் சுவரை நோக்கித் திரும்பி நிற்கும். ஒற்றைப்படையில் அடித்தால் ஒரு ஓரம் அறைப்பக்கம் துருத்திக்கொள்ளும். துளை போட்ட பிறகு இதைத் திருத்த முடியாது.

கீழ் மடிப்பை உடனே அடித்துவிடுவது

மேல்பகுதியை முடித்ததும் திரையைக் கம்பியில் மாட்டி, இரண்டு மூன்று நாள் தொங்கவிடுங்கள். துணி தன் எடைக்கு இறங்கி நின்ற பிறகு, தரையிலிருந்து அளந்து குறித்து, 4 அங்குல இரட்டை மடிப்பாக அடியுங்கள். இதற்கு 8 அங்குலம் கூடுதலாக வேண்டும் என்பதை, துணி வெட்டும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.