நிலவைக் கவனிக்காமல் எழுதிய கதை

திருடன் தப்பிக்க எனக்குக் கும்மிருட்டும் வேண்டும், கூட்டமும் வேண்டும். அதனால் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய இரவு, மதுரை தல்லாகுளத்தில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக் கூட்டத்துக்குள் அவனை ஓடவிட்டேன். மூன்று முறை திருத்தியும் பிழை கண்ணில் படவில்லை. அத்தையிடம் வாசித்துக் காட்டினேன்.

“ஏம்ப்பா, சித்ரா பௌர்ணமிக்கு மொத நாளு எப்படி இருட்டா இருக்கும்?”

மதுரைக்காரனுக்கு இதைவிட அவமானம் ஏது?

மேகத்தைக் கொண்டுவந்து நிலாவை மறைத்துப் பார்த்தேன். சப்பைக்கட்டாகத் தெரிந்தது. சரி, வெளிச்சம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, கருப்பசாமி வேஷம் கட்டித் தண்ணீர் பீய்ச்சும் பக்தர்களுக்கு நடுவே அவனையும் வேஷத்தோடு நிறுத்தினேன். போலீஸ்காரர் முகத்திலேயே தண்ணீர் அடித்துவிட்டு நழுவுகிறான். பழைய காட்சியைவிட இது எவ்வளவோ மேல்.

அதிலிருந்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு காட்சிக்கும் மாதம், கிழமை, திதி எழுதி வைக்கிறேன். பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தில் நிலா எழும். பிறகு தினமும் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்தக் கணக்கால் ஒரு காதல் ஜோடி நிலாவுக்காக நள்ளிரவு வரை மொட்டைமாடியில் கொசுக்கடி பட வேண்டியதாயிற்று.