“சாஃப்ட்வேர் அப்படித்தாண்ணே காட்டுது”: அனிமேஷன் பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவர் தான் செய்த அனிமேஷனை அனுப்பியிருந்தார். பாம்பன் புதுப் பாலத்தின் நடுப்பகுதி மேலே எழுகிறது, அடியில் ஒரு விசைப்படகு கடந்து போகிறது. மொத்தம் இருபது விநாடி. கடலுக்குப் போட்டிருந்த நீலம், அந்தத் தண்ணீரைத் தினமும் பார்க்கிறவருக்கு மட்டுமே கைவரக்கூடியது. படகின் முகப்பில் ‘அன்னை வேளாங்கண்ணி’ என்று எழுதியிருந்தார். அதில் ‘வே’யின் கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய்க் கிடந்தது. ‘ன்னை’யும் அப்படியே.

போன் போட்டுக் கேட்டேன். “சாஃப்ட்வேர் அப்படித்தாண்ணே காட்டுது. படிக்கிறவங்களுக்குப் புரியும்ல?” என்றார்.

அந்தப் பதிலுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ராமநாதபுரத்தில் சனி, ஞாயிறுகளில் அனிமேஷன் அடிப்படை சொல்லிக்கொடுக்கிறேன். மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம் என்று கடற்கரை ஊர்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். நான் விழுந்த அதே குழிகளில் ஒவ்வொரு செட்டும் விழுகிறது. சேவ் பண்ண மறப்பது, கரண்ட் போவது, லேயருக்குப் பெயர் வைக்காதது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை ஒருமுறை பட்டால் தானே திருந்தும்.

சுழலும் அச்சை நடுவிலேயே விட்டுவிடுவது

இதே தம்பி அதற்கு முன் பழைய பாம்பன் பாலத்தைச் செய்திருந்தார். 1914-இல் திறந்த பாலம். நடுவில் இரண்டு இறக்கைகள், கப்பல் வந்தால் இரண்டும் இருபக்கமாக எழும். அவருடைய கோப்பில் அவை மின்விசிறி போலத் தம் நடுமையத்தில் சுற்றின. ஒரு படத்தை சிம்பலாக, அதாவது திரும்பத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தும் தனி உருப்படியாக, மாற்றும்போது அதன் அச்சுப்புள்ளி பெரும்பாலும் நடுவில் வந்து உட்காரும். அதை இழுத்து மூட்டு இருக்கும் இடத்தில் வைத்த பிறகுதான் முதல் கீஃபிரேமே (அசைவின் முக்கிய நிலையைக் குறிக்கும் ஃபிரேம்) போட வேண்டும். ட்வீன் (இரண்டு கீஃபிரேமுக்கு இடைப்பட்ட அசைவை மென்பொருளே நிரப்புவது) போட்ட பிறகு அச்சை நகர்த்தினால் படம் குதிக்கும்.

இன்னொன்றும் அவரிடம் சொன்னேன். அந்த இறக்கை கதவுக் கீல் மாதிரி ஓரிடத்தில் நின்று திரும்புவதில்லை. வளைந்த அடிப்பாகத்தில் உருண்டபடியே பின்னால் சாயும். ஆகவே சுழற்சியோடு கொஞ்சம் பின்னகர்வும் வேண்டும். ஆட்கள் நெம்புகோல் பிடித்துத் தள்ளி எழுப்பியது அது. தொடக்கம் மெதுவாகத்தான் இருந்திருக்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகிறது. அதற்குச் சுழற்சி வேண்டாம், ஈஸ் (மெதுவாகப் புறப்பட்டு மெதுவாக நிற்பது) மட்டும் போதும். எதை அசைக்கிறீர்களோ அது நிஜத்தில் எப்படி அசைகிறது என்று போய்ப் பாருங்கள். பாம்பன் நமக்குப் பஸ் தூரம்தானே.

ஃபிரேம் ரேட்டை நடுவில் மாற்றுவது

கீஃபிரேம்கள் விநாடியில் நிற்பவை அல்ல, ஃபிரேம் எண்ணில் நிற்பவை. விநாடிக்கு 24 ஃபிரேம் என்று மூன்று நிமிடம் செய்தால் 4320 ஃபிரேம். முடிக்கும் நேரத்தில், உள்ளூர் சேனலுக்கு 25 வேண்டும் என்று யாராவது சொல்லி, அமைப்பில் அந்த எண்ணை மட்டும் மாற்றினால், அதே 4320 ஃபிரேமும் 172.8 விநாடியில் ஓடி முடிந்துவிடும். பின்னணிக் குரல் மட்டும் பழைய 180 விநாடியில் நிற்கும். ஏழு விநாடி இடைவெளி. படகு கரைக்கு வந்து சேர்ந்த பிறகும் குரல் அதைக் கடலில் வைத்துப் பேசிக்கொண்டிருக்கும்.

எங்கே ஓடப்போகிறது என்று முதலில் கேளுங்கள். டிவிக்கு என்றால் நம் நாட்டில் 25. போனில் எடுத்த காட்சியோடு சேரப்போகிறது என்றால் அநேகமாக 30. அதை எழுதி மேசையில் ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஒலியை ‘ஈவென்ட்’டில் விடுவது

அனிமேட்டில் (பழைய ஃபிளாஷ் மென்பொருள்தான் அது) ஒலியைக் கொண்டுவந்து வைத்தால் ‘ஈவென்ட்’ என்ற நிலையில்தான் பெரும்பாலும் நிற்கும். அது ஃபிரேம்கள் வரிசையாக நிற்கும் டைம்லைனைக் கண்டுகொள்ளாமல் தன் போக்கில் பாடும். வாயசைப்பு, கதைசொல்லல் எல்லாவற்றுக்கும் டைம்லைனோடு சேர்ந்தே ஓடும் ‘ஸ்ட்ரீம்’ நிலைக்கு மாற்றுங்கள்.

தமிழ் எழுத்தைக் கடைசி வேலை என்று நினைப்பது

இதில்தான் நான் கொஞ்ச நேரம் நிற்கப்போகிறேன்.

2008-இல் எனக்கு ஒரு வேலை வந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி வாழும் உயிரினங்கள் பற்றி, மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக ஒரு மல்டிமீடியா குறுந்தகடு. ஃபிளாஷில் செய்தேன். படத்தைத் தொட்டால் அது நீந்தும், அடியில் பெயரும் நான்கு வரி விவரமும் வரும். கடல் அட்டை பிடிப்பது 2001 முதல் தடை, ஆவுளியா (கடற்பசு) வலையில் மாட்டினால் உயிரோடு திருப்பி விட வேண்டும் என்பவை அந்த நான்கு வரிகளில்தான் இருந்தன. அதாவது அந்தக் குறுந்தகட்டின் உயிரே எழுத்தில் இருந்தது. நான் நான்கு மாதத்தில் மூன்றரை மாதத்தை ஆவுளியாவின் வால் அசைவுக்குக் கொடுத்தேன்.

அன்று என் கணினியில் ஃபிளாஷுக்குள் யூனிகோடு (உலகப் பொதுவான எழுத்துக் குறியீடு) தமிழைத் தட்டினால் கொம்பு இடம் மாறி விழும். அதனால் எல்லோரையும் போல பாமினியில் தட்டினேன். பாமினி என்பது ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்த எழுத்துரு. கணினிக்குத் தெரிவது ஆங்கில எழுத்துதான். அந்த எழுத்துரு இருக்கும் வரைக்கும்தான் அது தமிழ்.

நூறு குறுந்தகடு எழுதி, தொண்டிப் பக்கம் ஒரு ஊரில் விழா வைத்தார்கள். முகப்புப் பக்கம் அழகாக வந்தது, தலைப்பு தமிழில் நின்றது. ஒரு சிறுமி மேடைக்கு வந்து ஆவுளியாவைத் தொட்டாள். அது நீந்தியது. அடியில் எம், டி, எஸ், பி, ஏ, எச் என்று ஆறு ஆங்கில எழுத்து. கீழே நான்கு வரி அதே மாதிரிக் குப்பை. அவள் மைக்கில் அதை எழுத்துக்கூட்டி வாசிக்க முயன்றாள். முன்வரிசையில் பாசி எடுக்கப் போகும் அம்மா ஒருவர், “இங்கிலீசா தம்பி இது? எங்க பிள்ளையளுக்குன்னு சொன்னியளே” என்று கேட்டார். அந்தக் குரல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

நடந்தது இதுதான். ஃபிளாஷில் நிலையான எழுத்து என்றால் அதன் வடிவத்தை அதுவே கோப்புக்குள் எடுத்து வைத்துக்கொள்ளும். தலைப்பு தப்பித்தது அதனால்தான். தொட்டால் மாறுகிற எழுத்துக்கு டைனமிக் டெக்ஸ்ட் போட வேண்டும். அதற்கு எழுத்துருவை நாம்தான் உள்ளே பொதிய வேண்டும். நான் பொதியவில்லை. என் கணினியில் பாமினி இருந்ததால் அது எனக்குத் தெரியவும் இல்லை. அந்த ஊர்க் கணினியில் பாமினி இல்லை.

அதோடு நின்றிருந்தால் நூறு குறுந்தகடோடு போயிருக்கும். பதற்றத்தில் அடுத்த தவறைச் செய்தேன். இனி எழுத்தே வேண்டாம் என்று, அறுபது உயிரினத்தின் பெயரையும் விவரத்தையும் கன்ட்ரோல் பி இரண்டு முறை அழுத்தி வெறும் வடிவமாக உடைத்தேன். ஐந்து இரவு ஆயிற்று. மூலக் கோப்பையும் அதன் மேலேயே சேமித்தேன். பிறகு வாசித்துப் பார்த்த கடலோடிகள் சிலர், பாடப்புத்தகப் பெயர்களை எடுத்துவிட்டு ஊரில் புழங்குகிற பெயர்களைப் போடச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது முழுக்க நியாயம். ஆனால் என்னிடம் திருத்துவதற்கு எழுத்து இல்லை, எழுத்து மாதிரி இருக்கும் படங்கள்தான் இருந்தன. எல்லாவற்றையும் முதலிலிருந்து தட்டினேன். பேசிய தொகையில் பாதிதான் கைக்கு வந்தது.

இப்போது பாமினி தேவையே இல்லை. 2010-இல் தமிழ்நாடு அரசே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. அப்படியும் கல்யாண வீடியோ டெம்ப்ளேட்டுகளில் இன்னும் பழைய எழுத்துருக்கள் சுற்றுகின்றன. பிள்ளைகள் யூனிகோடில் தட்டியதை இணையத்தில் பாமினியாக மாற்றி ஒட்டுகிறார்கள். நாளைக்கு ஒரு பெயரைத் திருத்த வேண்டும் என்றால் மறுபடி அதே சுற்று. தேடினாலும் அந்தச் சொல் கிடைக்காது.

சரி, யூனிகோடில் கொம்பு ஏன் பின்னால் விழுகிறது? யூனிகோடில் ‘வே’ என்பது முதலில் வகரம், அதற்குப் பின் கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. நாம் உச்சரிக்கும் வரிசை அது. கொம்பை இடப்பக்கம் எடுத்து வைப்பதும், ‘கொ’ என்றால் கொம்பை முன்னும் காலைப் பின்னும் பிரித்து வைப்பதும் மென்பொருளின் எழுத்து இயந்திரம் செய்ய வேண்டிய வேலை. ஆங்கிலத்துக்கு மட்டும் அமைத்த இயந்திரம் வந்த வரிசையிலேயே அடுக்கிவிடும். ஆகவே பெரும்பாலும் கோளாறு எழுத்துருவில் இல்லை. பத்து எழுத்துரு இறக்கி மாற்றிப் பார்த்து ஒரு நாளைத் தொலைக்காதீர்கள்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் பிரிஃபரன்ஸில் ‘டைப்’ என்ற பகுதிக்குப் போனால் எழுத்து இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ‘லத்தீன்’ என்று இருந்தால் ‘சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்’ என்று மாற்றுங்கள். பிந்திய பதிப்புகளில் ‘யுனிவர்சல்’ என்று இருக்கும். இல்லஸ்ட்ரேட்டரிலும் அதே ‘டைப்’ பகுதியில் ‘இண்டிக்’ தெரிவுகளைக் காட்டச் சொல்லும் கட்டம் உண்டு. மாற்றிய பின் பழைய லேயரை நம்பாமல் புதிதாகத் தட்டிப் பாருங்கள். பிளெண்டரில் முப்பரிமாண எழுத்தாக நேரே தட்டி நான் பட்டது போதும். இங்க்ஸ்கேப்பில் தட்டி, அங்கேயே பாதையாக மாற்றி, எஸ்விஜி கோப்பாகக் கொண்டுபோகிறேன். இங்க்ஸ்கேப் இலவசம், தமிழை ஒழுங்காக அடுக்குகிறது.

புது மென்பொருள் எதைத் திறந்தாலும் படம் வரையும் முன் நான் தட்டிப் பார்க்கும் வரி ஒன்று உண்டு: கொண்டல், சோழகம், வாடை, நெத்திலி, பேத்தை, ஸ்ரீ, பௌர்ணமி. நம் கடலின் காற்றும் மீனும் சேர்ந்தால் கொம்பு, கால், இணைக்கொம்பு எல்லாம் சோதனைக்கு வந்துவிடும். அந்த வரி சரியாக நின்றால் மேலே போகலாம். நிற்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்தி அதைச் சரிசெய்யுங்கள். படம் முழுக்க முடித்த பிறகு இதைக் கண்டுபிடிப்பதில் இருக்கிற வேதனை எனக்குத் தெரியும்.

வடிவமாக உடைப்பதில் தப்பில்லை. கடைசியாக ஒப்படைக்கும் பிரதியில் மட்டும் உடையுங்கள். தட்டிய எழுத்து இருக்கும் கோப்பு வேறு பெயரில் தனியாக இருக்கட்டும். எல்லாச் சொற்களும் ஒரு சாதாரண உரைக் கோப்பிலும் இருக்கட்டும். பிழை பார்க்கத் தமிழாசிரியரிடம் அதைத்தான் கொடுக்க வேண்டும், வீடியோவை அல்ல.

அப்புறம், எழுத்து ஒவ்வொன்றாக வந்து விழும் ‘டைப்ரைட்டர்’ எஃபெக்ட். ஆங்கிலத்துக்குச் செய்தது அது. தமிழில் போட்டால் ‘கொண்டல்’ முதலில் ‘க’ என்று வந்து, பிறகு ‘கொ’ ஆகும். புள்ளி தனியாக வந்து குதிக்கும். முதலாம் வகுப்புப் பிள்ளை அதைப் பார்த்தால் எழுத்தையே தப்பாகப் பழகும். சொல் சொல்லாக வரவிடுங்கள்.

இவ்வளவு கோபம் எதற்கு என்று வகுப்பில் ஒரு பெண் கேட்டார். பெயர்ப் பலகையில் தன் ஊர்ப் பெயர் உடைந்து கிடந்தால் நாம் விட்டுவிடுவோமா? படகுக்குப் பெயர் எழுதுகிற ஓவியர் கொம்பை இடம் மாற்றி எழுதினால் படகுக்காரர் கூலி கொடுப்பாரா? திரையில் மட்டும் ஏன் அது பரவாயில்லை என்று ஆகிறது?

பழைய சிடி பாடங்களிலிருந்து படிப்பது

ஃபிளாஷ் பிளேயரின் காலம் 2020 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. 2016-இலேயே அந்த மென்பொருளின் பெயர் அனிமேட் ஆகிவிட்டது. கீஃபிரேம், ட்வீன், சிம்பல் பாடங்கள் இன்றும் அப்படியே பொருந்தும், படியுங்கள். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் என்ற ஃபிளாஷ் நிரல்மொழி அத்தியாயங்களை விட்டுவிட்டு, இணைய உலாவியில் ஓடும் எச்டிஎம்எல்5 கேன்வாஸாகவோ எம்பி4 வீடியோவாகவோ வெளியெடுக்கப் பழகுங்கள்.

கிராஃபிக்கா, மூவி கிளிப்பா

சிம்பலில் இவை இரண்டு வகை. டைம்லைனை இழுத்துப் பார்க்கும்போதே வள்ளம் ஆட வேண்டும் என்றால் கிராஃபிக்.

படம் ஓரிடம், ஒலி ஓரிடம்

ஒரே கோப்புறை. டி டிரைவ், டவுன்லோட்ஸ், பென்டிரைவ் என்று சிதறினால் அடுத்த கணினியில் எதுவும் வராது.

முதல் வேலைக்கே ஐந்து நிமிடப் படம்

பத்து விநாடி. ஒரு வள்ளம், ஓர் அலை, ஒரு பெயர்.

தங்கச்சிமடத்துத் தம்பி நேற்று இரவு திருத்தி அனுப்பினார். பாலம் மெதுவாகப் புறப்பட்டு மெதுவாக நிற்கிறது, ‘அன்னை வேளாங்கண்ணி’ ஒழுங்காக நிற்கிறது. பின்னால் தூரத்தில் இன்னொரு படகு புதிதாகச் சேர்த்திருக்கிறார். அதன் பெயரை மட்டும் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார் போல; கொம்பு மறுபடி பின்னால் கிடக்கிறது. திருப்பி அனுப்பியிருக்கிறேன்.