சிறிய மின்னஞ்சல் சேவை நிறுவனத்தை நம்பலாமா? பணம் கட்டும் முன் சோதிக்கும் முறை

சொந்த டொமைன் வாங்கிவிட்டீர்கள், அதன் டிஎன்எஸ் பதிவுகளை (டொமைன் பெயரை சர்வர்களோடு இணைப்பவை) திருத்தவும் தெரியும் என்ற எண்ணத்தில் தொடங்குகிறேன்.

விளம்பரத்தில் காணும் ‘99.9 சதவீத இயக்க நேரம்’ என்ற வாக்குறுதியை முதலில் ஒதுக்கிவிடுங்கள். மாதத்திற்கு 43 நிமிடம் சர்வர் நின்றாலும் அது மீறப்பட்டதாகாது. தவிர, பெறும் சர்வர் சில மணி நேரம் செயலிழந்தாலும், அனுப்பும் சர்வர் மடலை வரிசையில் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயல வேண்டும், கைவிடும் முன் குறைந்தது 4, 5 நாள்களாவது பொறுக்க வேண்டும் என்றே எஸ்எம்டிபி என்ற மின்னஞ்சல் பரிமாற்ற நெறிமுறை சொல்கிறது. ஆகவே வரவேண்டிய மடல் தாமதமாகுமே தவிர எளிதில் தொலையாது. நாம் அனுப்பும் மடல் போய்ச் சேருமா, சேர்த்துவைத்த மடல்கள் பத்திரமாக இருக்குமா என்பவையே பார்க்கவேண்டியவை.

படி 1: சர்வர் யாருடையது?

உங்கள் டொமைனில் இடும்படி நிறுவனம் சொல்லும் எம்எக்ஸ் பதிவு (வரும் மடலை எந்த சர்வர் பெறும் என்று காட்டுவது) வேறொரு பெரிய நிறுவனத்தைச் சுட்டினால், உங்களுக்கு விற்பவர் பெரும்பாலும் மறுவிற்பனையாளர். அதில் தவறில்லை, ஆனால் கோளாறு வரும்போது அவரால் செய்யக்கூடியது, மேலே புகார் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது மட்டுமே.

படி 2: வெளியே போகும் ஐபி

பலரும் தடுமாறும் இடம் இது. எம்எக்ஸ் சர்வரின் ஐபி முகவரியை, குப்பை மடல் அனுப்பும் ஐபிகளைத் தொகுத்த தடுப்புப் பட்டியலில் தேடிப் பார்த்து, ‘சுத்தமாக இருக்கிறது’ என்று திருப்தியடைந்துவிடுகிறார்கள். எம்எக்ஸ் என்பது மடல் உள்ளே வரும் வாசல். வெளியே போகும் மடலைப் பெரும்பாலும் வேறு சர்வர்தான் அனுப்புகிறது.

சோதனைக் கணக்கு ஒன்றைப் பெற்று, அதிலிருந்து உங்கள் ஜிமெயிலுக்கு ஒரு மடல் அனுப்புங்கள். அதைத் திறந்து, மூன்று புள்ளிப் பட்டியலில் ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், மேலே எஸ்பிஎஃப் (அனுப்பிய சர்வருக்கு அனுமதி உண்டா), டிகிம் (மடலின் டிஜிட்டல் கையொப்பம் சரியா) ஆகியவற்றின் முடிவுகளும், டிமார்க் (இவை அனுப்புநர் டொமைனோடு பொருந்துகின்றனவா) பதிவு இட்டிருந்தால் அதன் முடிவும் தெரியும். எல்லாவற்றிலும் ‘பாஸ்’ என்று இருக்க வேண்டும். எஸ்பிஎஃப் வரியிலேயே ஓர் ஐபியும் இருக்கும். சோதிக்க வேண்டியது அதைத்தான்.

அந்த ஐபியை, தடுப்புப் பட்டியல் நடத்தும் ஸ்பேம்ஹாஸ் தளத்தில் தேடுங்கள். பிறகு, ஐபிக்கு உரிய பெயரைச் சொல்லும் அதன் பிடிஆர் பதிவைப் பாருங்கள்: அதில் வரும் பெயரைத் தேடினால் அதே ஐபி திரும்பக் கிடைக்க வேண்டும். 2024 பிப்ரவரி முதல், தனக்கு மடல் அனுப்பும் எல்லோரிடமும் ஜிமெயில் இதை எதிர்பார்க்கிறது. ஒரு மடலோடு நிறுத்தாமல் வெவ்வேறு நேரங்களில், அவுட்லுக், யாகூ முகவரிகளுக்கும் அனுப்புங்கள். ஒரே நிறுவனம் பல ஐபிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். அவற்றில் ஒன்றை வேறொரு வாடிக்கையாளர் குப்பை மடல் அனுப்பிக் கெடுத்திருந்தால், உங்கள் மடலும் அதனால் அடிபடும்.

படி 3: ஒரு கேள்வி

‘உங்கள் ஐபி தடுப்புப் பட்டியலில் விழுந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். உடனே பதில் தரும் அரட்டைப் பெட்டியைவிட, மறுநாள் வந்தாலும் விவரம் தெரிந்தவர் எழுதிய பதிலையே நான் மதிப்பேன்.

படி 4: வெளியேறும் வழி

2001 முதல் இயங்கிவந்த விஎஃப்இமெயில் நிறுவனத்தின் அமெரிக்க சர்வர்களை 2019 பிப்ரவரியில் ஊடுருவிய ஒருவர், பேக்கப் உட்பட அனைத்தையும் அழித்தார். எனவே பேக்கப் எடுப்பதாக நிறுவனம் சொன்னாலும், உங்கள் பிரதி உங்களிடமே இருக்கட்டும். இதற்கு நான் பரிந்துரைப்பது ஐமேப்சிங்க் என்ற மென்பொருள். வேறொரு ஐமேப் கணக்கிற்கு (சர்வரிலேயே மடல்களை வைத்துப் படிக்கும் முறை) மடல்களை நகலெடுக்கும்போது, இடையில் நின்றாலும் மீண்டும் ஓட்டினால் விடுபட்டதை மட்டும் சேர்க்கும். தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் கோப்புறைகளை இழுத்துப் போடுவது சிறிய பெட்டிக்குச் சரி, பெரிய பெட்டிக்கு வேண்டாம். டொமைனை மின்னஞ்சல் நிறுவனத்திடமே வாங்காதீர்கள். அந்த நிறுவனம் மூடப்பட்டாலும் எம்எக்ஸ் பதிவை மாற்றும் உரிமை உங்கள் கையில் இருக்க வேண்டும்.

பின்சேர்க்கை: ஸ்பேம்ஹாஸ் தளத்திற்குப் போகாமல் டிஎன்எஸ் வழியாகவே தேடிய சில வாசகர்கள், எந்த ஐபியைக் கொடுத்தாலும் 127.255.255.254 என்ற விடை வருவதாகவும், எல்லா நிறுவனங்களும் பட்டியலில் இருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். கூகுளின் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால் கிடைக்கும் மறுப்புக் குறியீடு அது. பட்டியலில் இருப்பதைக் குறிக்கும் விடைகள் 127.0.0 என்று தொடங்கும்.