டிக்கெட் எடுக்குமுன் செட்லிஸ்ட் படியுங்கள்: ராக் கச்சேரியில் எந்தப் பாட்டை எதிர்பார்க்கலாம்?

ராக் கச்சேரிக்குப் போய்விட்டு முகம் வாடித் திரும்புகிறவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அந்தப் பாட்டை வாசிக்கவே இல்லை." அது வராது என்பது பல சமயம் ஒரு வாரம் முன்பே தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம். பாடகரின் மனநிலையை ஊகிக்க வேண்டாம். மேடை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, இதுவரை நடந்த கச்சேரிகளில் எந்தப் பாட்டுகளை என்ன வரிசையில் வாசித்தார்கள் (இந்தப் பட்டியல்தான் செட்லிஸ்ட்) என்ற இரண்டைப் பார்த்தால் போதும்.

முதல் வேலை, நீங்கள் போகப்போவது எந்த வகை டூர் என்று கண்டுபிடிப்பது. பிங்க் ஃபிளாய்ட் பேண்டில் இருந்த ராஜர் வாட்டர்ஸ் 2010 முதல் 2013 வரை நடத்திய 'தி வால்' டூர் ஒரு முனை. 1979-இல் வந்த அந்த பேண்டின் 'தி வால்' ஆல்பம் முழுவதும் அதே வரிசையில், மேடையில் ஒரு சுவர் எழும்ப எழும்ப வாசிக்கப்பட்டது. அங்கே வேறு பாட்டு கேட்பதில் அர்த்தமே இல்லை. மறுமுனையில் இரவுக்கிரவு பட்டியலை மாற்றுகிற பேர்ல் ஜாம், ஃபிஷ் போன்ற பேண்டுகள். ஃபிஷ் 2017-இல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 13 இரவுகள் வாசித்து, ஒரு பாட்டைக்கூட இரண்டாவது முறை தொடவில்லை. பெரும்பாலான பேண்டுகள் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும்.

பெரிய மேடையில் பாட்டு மாறாமல் இருப்பதற்குச் சோம்பல் காரணமல்ல. விளக்கு, பின்னால் ஓடும் வீடியோ, நெருப்பு எல்லாம் டைம்கோடில், அதாவது பாட்டின் நொடிக்கணக்கில், பூட்டப்பட்டிருக்கும். டிரம்மரின் காதில் தாளம் காட்டும் கிளிக் டிராக் ஓடும். ஒரு பாட்டை மாற்றினால் இவ்வளவையும் மாற்ற வேண்டும். ஆகவே வீடியோ திரையும் வாணவேடிக்கையும் பிரம்மாண்டமாக இருக்கிற டூரில் வியப்பைக் குறைவாக எதிர்பாருங்கள். வெறும் விளக்கும் நான்கு பேரும் மட்டும் இருக்கிற மேடையில் எதுவும் நடக்கலாம்.

இனி கணக்கு. ரசிகர்கள் செட்லிஸ்ட்களை ஏற்றிவைக்கும் செட்லிஸ்ட்.எஃப்எம் தளத்தில் அந்த பேண்டின் கடைசி 10 கச்சேரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பல பேண்டுகள் வாசிக்கும் இசைத் திருவிழாக்களை நீக்கிவிடுங்கள்: அங்கே பெரும்பாலும் 60 அல்லது 75 நிமிடம்தான் கிடைக்கும், 12 முதல் 15 பாட்டு, அத்தனையும் ஹிட். சொந்தக் கச்சேரியில் முக்கிய பேண்டுக்கு 90 முதல் 120 நிமிடம், 18 முதல் 24 பாட்டு வரும். திருவிழாப் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சொந்தக் கச்சேரிக்குப் போகிறவர்களும் அதற்கு நேர்மாறாகச் செய்கிறவர்களும்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். தொடக்கத்தில் வாசிக்கும் துணை பேண்டுக்கு 30 முதல் 45 நிமிடம் மட்டுமே. அவர்களிடம் அபூர்வப் பாட்டை எதிர்பார்க்காதீர்கள்.

ஒரு கோடு போட்ட தாளில் இடதுபக்கம் 1 முதல் 22 வரை எண்களை எழுதி, மேலே தேதிகளை எழுதுங்கள். ஒவ்வொரு கச்சேரியின் பாட்டு வரிசையையும் அந்தந்தக் கட்டத்தில் நிரப்புங்கள். பாட்டுகளை மட்டும் எண்ணினால் பாதி உண்மைதான் தெரியும், இடங்களையும் பாருங்கள். 1, 2, 3-ஆம் இடங்களில் எல்லா நாளும் ஒரே பாட்டுகள் இருக்கும். 5, 6-இல் திடீரென்று நாளுக்கொன்று மாறும். 7 முதல் 10 வரை மறுபடி கல்வெட்டு. 11-இல் இரண்டு பாட்டு மாறி மாறி வரும். என்கோரின், அதாவது பேண்ட் உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்து வாசிக்கும் கடைசிப் பகுதியின், முதல் இடமும் பெரும்பாலும் இப்படித்தான் அசையும், கடைசி இரண்டு அசையவே அசையாது. அசைகிற இடங்கள்தான் உங்கள் பாட்டுக்கான கதவு. அந்த இடத்தில் உங்கள் பாட்டு 10-இல் 4 முறை வந்திருந்தால் நம்பிப் போகலாம். ஒருமுறை மட்டும் வந்திருந்தால் அது எந்த ஊர், எந்த நாள் என்று பாருங்கள். பாடகரின் சொந்த ஊராகவோ யாருடைய பிறந்தநாளாகவோ இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பத்திலும் வராத பாட்டு அந்த டூரில் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டூரின் பெயரை மட்டும் பார்ப்பது இன்னொரு பொறி. ஒரே டூருக்குள் ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்கினால் பட்டியலும் மாறும். அயர்ன் மெய்டன் 2006-இல் புது ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை மேடையில் வாசித்தார்கள், பழைய பாட்டுக்காக வந்த கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. 2007 மார்ச்சில் பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸுக்கு வந்தபோது புது ஆல்பத்திலிருந்து சில பாட்டுகளே மிஞ்சின, பழையவை நிறையத் திரும்பியிருந்தன. ஐரோப்பியப் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர்களுக்கு முற்றிலும் வேறு கச்சேரி அது. கடல் தாண்டிய பிறகு நடந்த முதல் இரண்டு கச்சேரிகளைக் கட்டாயம் பாருங்கள்.

ஒரே ஊரில் இரண்டு இரவு என்றால் எந்த இரவு என்ற முடிவு பெரியது. மெட்டாலிகா 2023 ஏப்ரல் 27-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய எம்72 டூரில், ஊருக்கு இரண்டு இரவு, முதல் இரவில் வாசித்த பாட்டு இரண்டாம் இரவில் கிடையாது என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார்கள். ஆம்ஸ்டர்டாமில் முதல் இரவு 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பாட்டோடு முடிந்தது, இரண்டாம் இரவு 'என்டர் சாண்ட்மேன்' பாட்டோடு. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு இரவுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தவருக்கு அவர் உயிராக நினைக்கும் பாட்டு மற்ற இரவுக்குப் போயிருக்கலாம். இரண்டுக்கும் காசு இல்லையென்றால் முந்தைய ஊர்களின் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்து, நீங்கள் விட்டுக்கொடுக்க முடியாத மூன்று பாட்டு எந்தப் பக்கம் அதிகம் விழுகிறது என்று பார்த்து எடுங்கள்.

சில பாட்டுகளை பேண்டே ஒதுக்கி வைத்திருக்கும். ரேடியோஹெட் தங்களைப் பிரபலமாக்கிய 'க்ரீப்' பாட்டை இங்கிலாந்தின் ரீடிங் நகரில் நடந்த 2009 இசைத் திருவிழாவுக்குப் பிறகு 2016-இல்தான் மறுபடி எடுத்தார்கள். குரலும் ஒரு காரணம். அறுபது தாண்டிய பாடகருக்கு உச்சஸ்தாயிப் பாட்டுகள் குறையும், அல்லது அரை சுரம் கீழே இறங்கும். தொடர்ந்து இரண்டு நாள் கச்சேரி இருந்தால் இரண்டாம் நாளில் அப்படிப்பட்ட பாட்டு விடுபடும் வாய்ப்பு அதிகம். ஓய்வு நாளுக்கு அடுத்த கச்சேரியைத் தேர்ந்தெடுங்கள்.

நேயர் விருப்பம் கேட்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. சபாக்களில் வித்வானுக்குத் துண்டுச்சீட்டு எழுதி அனுப்புவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். ராக்கில் அந்தச் சீட்டு அட்டையாகிறது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் கூட்டத்திலிருந்து அட்டைகளைப் பொறுக்கி எடுத்து அங்கேயே வாசிப்பவர். 2012-இல் ஹெல்சிங்கியில் 4 மணி 6 நிமிடம் வாசித்த மனிதரிடம் அதற்கு நேரமும் இருக்கிறது. கத்திக் கேட்பது வீண்: பாடகரின் காதில் பெரும்பாலும் மேடை ஒலியைக் கேட்கும் இன்-இயர் மானிட்டர் இருக்கும், உங்கள் குரல் போய்ச் சேராது.

அட்டை ஏ3 அளவு போதும். குச்சி வைக்காதீர்கள், வாசலிலேயே பிடுங்கிவிடுவார்கள். வெள்ளை அட்டையில் தடித்த கறுப்பு மார்க்கரால் ஒரே ஒரு பாட்டின் பெயர், வேறொன்றும் வேண்டாம். பாட்டுகளுக்கு இடையில் மட்டும் தூக்குங்கள். பாட்டு நடக்கும்போது தூக்கினால் பின்னால் நிற்பவரின் கண்ணை மறைக்கிறீர்கள், அவரும் உங்களைப் போலக் காசு கொடுத்து வந்தவர். எதைக் கேட்பது என்பதிலும் கணக்கு உண்டு. கடந்த 20 கச்சேரிகளில் ஒருமுறையாவது வந்த பாட்டு என்றால் வாசிப்பவர்களின் விரல்களில் இருக்கும். வேறு டியூனிங்கில் உள்ள கிடார் தேவைப்படும் பாட்டு என்றால் அந்தக் கிடார் மேடைக்குப் பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும். சாக்ஸபோன் இல்லாத குழுவிடம் சாக்ஸபோன் பாட்டைக் கேட்காதீர்கள்.

புது ஆல்பம் வந்திருந்தால் பொதுவாக அதிலிருந்து 3 முதல் 5 பாட்டு வரும். அவற்றை முன்பே நான்கைந்து முறை கேட்டுவிட்டுப் போங்கள். புதுப் பாட்டு என்றதும் கூட்டம் கூட்டமாக பீர் வாங்கக் கிளம்புவது மேடையிலிருந்து நன்றாகத் தெரியும், அடுத்த ஊரில் அந்த இடத்தில் இன்னொரு பழைய ஹிட் வந்து உட்காருவதற்கு அதுவும் ஒரு காரணம். எப்போதும் அதே பாட்டுகள்தான் என்று வருந்துகிறவர்கள் அந்த நேரத்தில் இடத்தில் நிற்க வேண்டும்.

திறந்தவெளி என்றால் முடியும் நேரத்தைப் பாருங்கள். 2012 ஜூலையில் லண்டன் ஹைட் பார்க்கில் ஸ்பிரிங்ஸ்டீனும் பால் மெக்கார்ட்னியும் சேர்ந்து நின்றபோதே, அனுமதி நேரம் தாண்டியதால் ஒலி துண்டிக்கப்பட்டது. அரைமணி தாமதமாகத் தொடங்கினால் முதலில் பலியாவது நடுவில் உள்ள சுழற்சிப் பாட்டுகள், கடைசி ஹிட்டுகள் அல்ல. பேண்ட் உள்ளே போனதும் கிளம்பாதீர்கள். அரங்க விளக்கு எரியாதவரை என்கோர் பாக்கி இருக்கிறது. விளக்கு எரிந்து ஒலிபெருக்கியில் வேறு யாருடைய பாட்டோ ஓடினால்தான் முடிந்தது.

அப்போது முன்வரிசையில் இருந்தால், மேடைத் தரையில் ஒட்டியிருக்கும் செட்லிஸ்ட் தாளைக் கழற்ற வரும் மேடை உதவியாளரிடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள், பலர் தருவார்கள். அந்தத் தாளை அப்படியே செட்லிஸ்ட்.எஃப்எம் தளத்தில் ஏற்றிவிடாதீர்கள். அச்சிட்ட பிறகு மாறியவை, நேரமில்லாமல் விட்டவை, 5-ஆம் இடத்தில் சாய்வுக்கோடு போட்டு இரண்டு பாட்டு எழுதி ஒன்றை மட்டும் வாசித்தவை எல்லாம் அதில் இருக்கும். உங்கள் காது கேட்ட வரிசையை ஏற்றுங்கள். அடுத்த ஊரில் ஒருவர் அதை வைத்துத்தான் தன் கட்டங்களை நிரப்பப்போகிறார்.